கோடி வாங்குறவனுக்கு என்னய்யா டிப்ரஷன்? – வாசகர் கேள்வி பதில்

2025 மகளிர் உலகக்கோப்பையில நம்ம இந்திய பேட்டர் ஜெமிமா ரோட்ரிக்ஸ் பிரஸ் மீட்ல அழுததைப் பத்தி போன இதழ்ல ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த மெயில், வாட்ஸப், கைப்பட எழுதின கடுதாசி எல்லாத்தையும் சேர்த்தா தனியா ஒரு இதழே போடலாம் போல. பாதி பேர் என்னை திட்டியிருக்கீங்க, பரவால்ல, அதுக்குத்தான் சம்பளம். கிட்டத்தட்ட எல்லாரும் கிரிக்கெட் ப்ளேயருங்களோட மன அழுத்தத்தையே சுத்திச் சுத்தி கேட்டிருக்கிறதால இந்த தடவை வேற கேள்வி எதையும் எடுக்கல.

சேலத்துல இருந்து ஒரு வாசகர்: கிரிக்கெட் ஆடுறவன் ஐபிஎல் ஏலத்துல பத்து கோடி, பதினஞ்சு கோடின்னு வாங்குறான், ஃபைவ் ஸ்டார் ஓட்டல்ல தூங்குறான், அவனுக்கு மன அழுத்தமாம். எங்க ஊர்ல வெயில்ல சென்ட்ரிங் வேலைக்கு போறவனுக்கு வராத டிப்ரஷன் இவனுங்களுக்கு மட்டும் எப்படி சார் வருது?

பதில்: சென்ட்ரிங் வேலைக்கு போறவருக்கும் வருதுங்க. அவர் அதுக்கு பேர் வைக்கிறதில்ல, மனசே சரியில்லன்னு நாலு நாள் வேலைக்கு போகாம சுருண்டு படுத்திருப்பார், வீட்ல சோம்பேறின்னு திட்டுவாங்க, அவர் யார்கிட்டயும் சொல்ல மாட்டார், சொன்னாலும் கேக்க ஆளில்ல. அதை நினைச்சு கோவப்பட்டீங்கன்னா உங்க கூட நானும் சேர்ந்து கோவப்படுறேன். ஆனா அதுக்காக இன்னொருத்தனுக்கு வந்தது பொய்னு ஆகிடாதுல்ல. காசு இருக்கிறவனுக்கு சுகர் வராம இருக்கா, பிபி வராம இருக்கா, இதுவும் அப்படித்தான்.

ஆஸ்திரேலியாவோட கிளென் மேக்ஸ்வெல்லை எடுத்துக்கோங்க. 2019 அக்டோபர், அடிலெய்டு, இலங்கைக்கு எதிரா டி20. 28 பந்துல 62 ரன். அந்த ஆட்டத்தை பாத்த எவனும் இந்தாளுக்கு உள்ளுக்குள்ள ஏதோ சரியில்லன்னு சொல்லியிருக்கவே முடியாது. அதே வாரத்துல, என்னால முடியல, மனசுக்கு ரெஸ்ட் வேணும்னு சொல்லிட்டு கிரிக்கெட்டை விட்டு ஒதுங்கிட்டாரு. அதாவது ஃபார்ம் அவுட் ஆனவன் சாக்கு சொல்றான்ங்கிற கதையே இங்க செல்லாது, மனுஷன் வெளுத்து வாங்கிட்டு இருந்தப்பதான் இது நடக்குது.

இன்னொண்ணு, மார்கஸ் ட்ரெஸ்கோத்திக். இங்கிலாந்து ஓப்பனர், 76 டெஸ்ட், 5,825 ரன். 2006ல இந்தியா டூர்ல பாதியில கிளம்பிட்டாரு, அப்போ வைரஸ் காய்ச்சல்னு சொன்னாரு, ஏன்னா உண்மையை சொன்னா ஊர் என்ன சொல்லும்னு அவருக்கு தெரியும். அதே வருஷ கடைசியில ஆஸ்திரேலியாவுக்கு போன ஆஷஸ் டூர்ல இருந்தும் திரும்பிட்டாரு. 2008ல சோமர்செட்ங்கிற அவரோட உள்ளூர் கவுன்டி டீமோட துபாய் கிளம்ப ஏர்போர்ட் வரைக்கும் போனவர் ஹீத்ரோவுலயே உடைஞ்சு போயி வீட்டுக்கு வந்துட்டாரு, இன்டர்நேஷனல் கிரிக்கெட் அதோட முடிஞ்சது. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அதுக்கப்புறம் அந்த மனுஷன் 2019 வரைக்கும் சோமர்செட்டுக்கு ஆடினாரு, ரன் மேல ரன் குவிச்சாரு. பேட்டிங் மறக்கல, பவுலரை பாத்து பயமும் இல்ல. வீட்டை விட்டு மாசக்கணக்குல ஓட்டல் ரூம், டீம் பஸ், கிரவுண்டு, திரும்ப ஓட்டல் ரூம்னு இருக்கிறதுதான் அவரால முடியல. நீங்க சொல்ற அந்த ஃபைவ் ஸ்டார் ஓட்டல்தான் சார் அவருக்கு நோவே.

கிரிக்கெட்டுக்குன்னு தனியா ஒரு கொடுமையும் இருக்கு. கால்பந்துல ஒரு பாஸ் தப்பா போனா ரெண்டு நிமிஷத்துல பந்து திரும்ப காலுக்கு வந்துடும். இங்க ஓப்பனர் முதல் ஓவர்ல எட்ஜ் கொடுத்து அவுட்டானா பேடை கழட்டி வச்சுட்டு மிச்ச நாள் பூரா அதே ஷாட்டை மனசுல ஓட்டிட்டு உக்காந்திருக்கணும், கேமரா வேற அப்பப்போ மூஞ்சிய காட்டும். ராபின் உத்தப்பா 2020ல வெளிப்படையா சொன்னாரு, 2009ல இருந்து 2011 வரைக்கும் ஒவ்வொரு நாளையும் எப்படி ஓட்டுறதுன்னே தெரியாம கிடந்தேன், கிரிக்கெட் ஆடுற நேரம் மட்டும்தான் மனசு வேற பக்கம் போகும், ஆட்டம் இல்லாத நாள்தான் கஷ்டம்னு. 2007 டி20 உலகக்கோப்பை ஜெயிச்ச டீம்ல இருந்தவருங்க அவரு.

கும்பகோணம் பெரியவர் ஒருத்தர்: எங்க காலத்துல கவாஸ்கரும் விஸ்வநாத்தும் ஹெல்மெட் கூட இல்லாம ஆடினாங்க. இந்த மாதிரி பிரேக் எல்லாம் யாரும் கேட்டதில்ல. இப்போ உள்ள பசங்க ரொம்ப சாஃப்ட்டா தம்பி?

பதில்: ஐயா, அப்பவும் இருந்திருக்கும், வயித்து வலி, முதுகு வலின்னு பேர் மாத்தி சொல்லியிருப்பாங்க, 2006ல ட்ரெஸ்கோத்திக் கூட வைரஸ்னுதானே சொல்ல வேண்டியிருந்தது. அதோட அவங்க பாக்காத ஒரு விஷயம் இருக்கு. அன்னைக்கு கவாஸ்கர் டக் அவுட் ஆனா டீக்கடையில திட்டுவீங்க, அது டீக்கடையோட முடிஞ்சுடும். இன்னைக்கு நீங்க திட்டுறது அவர் ஃபோனுக்கே போகுது, அவர் பொண்டாட்டி ஃபோனுக்கும் போகுது.

சாஃப்ட்டுன்னு சொன்னதால இங்கிலாந்து பேட்ஸ்மேன் ஜொனாதன் ட்ராட்டையும் சொல்லிடுறேன். 2013 நவம்பர், பிரிஸ்பேன் டெஸ்ட், ஆஸ்திரேலியாவோட மிட்செல் ஜான்சன் வேகத்துல ரெண்டு இன்னிங்ஸ்லயும் காலி, 10, 9. அதே ஆஸ்திரேலிய டீமோட டேவிட் வார்னர் பிரஸ் மீட்லயே அவரோட பேட்டிங் பலவீனமா இருக்குன்னு கிண்டலா பேசினாரு. ரெண்டு நாள்ல ட்ராட் டூரை விட்டு வீட்டுக்கு கிளம்பிட்டாரு, மன அழுத்தம் சம்பந்தப்பட்ட பிரச்சனைன்னு இங்கிலாந்து போர்டு சொல்லுச்சு. சாஃப்ட்டு ஆளுன்னு கதையை அங்கயே முடிக்கலாம்தான். ஆனா பத்து வருஷம் கழிச்சு, 2023 அக்டோபர் 23, நம்ம சேப்பாக்கத்துல பாகிஸ்தானை ஆப்கானிஸ்தான் ஜெயிச்சப்போ அந்த டீமோட கோச் யாருன்னு ஞாபகம் இருக்கா? அதே ட்ராட்தான்.

நாகர்கோவில் வாசகர்: டிக்கெட் வாங்குறோம், சப்ஸ்க்ரிப்ஷன் கட்டுறோம். கேட்ச் விட்டா திட்டத்தான் செய்வோம். விமர்சனமே பண்ணக்கூடாதுன்னா எப்படி?

பதில்: தாராளமா பண்ணுங்க. நான் வாரா வாரம் அதைத்தானே பண்றேன், அதுல பிழைக்கிறவன் நான். அந்த ஷாட் தேவையில்லாதது, இந்த ஃபீல்டிங் செட்டப் தப்பு, இவரை உக்கார வச்சுட்டு அவரை எடுக்கணும், இதெல்லாம் சொல்றதுல ஒரு தப்பும் கிடையாது, அதுவும் இல்லன்னா கிரிக்கெட் பாக்குறதுல என்ன சுவாரஸ்யம்.

சச்சின் சொன்ன ஒரு சென்னை கதை இருக்கு. ஓட்டல் ரூம்ல தோசை ஆர்டர் பண்ணியிருக்காரு. கொண்டு வந்த ஊழியர் தட்டை மேசையில வச்சுட்டு, சார் ஒண்ணு சொல்லலாமா, உங்க எல்போ கார்டு பேட் ஸ்விங்கை தடுக்குதுன்னு சொல்லியிருக்காரு. சச்சின் யோசிச்சுப் பாத்தா அவர் சொன்னது சரி. உலகத்துலயே பெரிய பேட்ஸ்மேன்கிட்ட நேருக்கு நேரா குறை சொன்ன அந்த மனுஷனை சச்சின் இத்தனை வருஷம் ஞாபகம் வச்சு சொல்லிட்டு இருக்காரு. அது விமர்சனம்.

இப்போ இதைப் பாருங்க. 2021 அக்டோபர் 24, துபாய், டி20 உலகக்கோப்பையில பாகிஸ்தான்கிட்ட பத்து விக்கெட்ல தோத்தோம். புவனேஷ்வர், ஷமி, பும்ரா, ஜடேஜா, நம்ம வருண் சக்கரவர்த்தி, அஞ்சு பேர் பந்து போட்டும் ஒரு விக்கெட் கூட விழல. ஆனா ஷமியை மட்டும் மதத்தை சொல்லி அசிங்கமா திட்டினாங்க. கோலி அடுத்த பிரஸ் மீட்ல ஷமிக்காக வெளுத்து வாங்கினாரு. கொஞ்ச நாள்ல கோலியோட கைக்குழந்தையை பத்தி ட்விட்டர்ல சொல்லக்கூடாத மிரட்டல் வந்து, போலீஸ் ஒருத்தரை கைதே பண்ணுச்சு. அடுத்த வருஷம் ஆசியக்கோப்பையில அதே பாகிஸ்தானுக்கு எதிரா அர்ஷ்தீப் சிங் ஆசிஃப் அலி கேட்சை விட்டாரு, உடனே அவரை பிரிவினைவாதின்னு முத்திரை குத்தி விக்கிப்பீடியா பக்கத்தையே மாத்திட்டாங்க. அன்னைக்கு அர்ஷ்தீப்புக்கு வயசு 23. கேட்ச் விட்டதுக்கும் அவன் எந்த மதம்ங்கிறதுக்கும் என்ன சம்பந்தம்னு எவனாவது எனக்கு விளக்கி ஒரு கடுதாசி போடுங்க, அச்சுல போடுறேன்.

அதே ராத்திரி கோலி அர்ஷ்தீப்புக்காக பேசினப்போ தன்னோட கதையைத்தான் சொன்னாரு. 2009 சாம்பியன்ஸ் டிராஃபி, இதே பாகிஸ்தான், அஃப்ரிதி பந்துல ஒரு மோசமான ஷாட் ஆடி அவுட். விடியக்காலை அஞ்சு மணி வரைக்கும் சீலிங்கையே பாத்துட்டு படுத்திருந்தேன், கரியர் முடிஞ்சுதுன்னு நினைச்சேன்னு. அதாவது திட்டுறதுக்கு நீங்க டைப் பண்ண ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவன் தன்னைத்தானே திட்டி முடிச்சிருப்பான்.

சென்னை, பல்லாவரத்துல இருந்து காலேஜ் பையன்: அண்ணே, இந்த ட்ரோல் மீம் எல்லாம் ப்ளேயருங்க பாக்கவா போறாங்க? சும்மா ஜாலிக்கு போடுறோம்.

பதில்: பாக்குறாங்க தம்பி. அவங்க பாக்கலன்னாலும் வீட்ல பாக்குறாங்க. உன் ஊர்க்காரர் கதையையே சொல்றேன். வருண் சக்கரவர்த்தி, ஆர்க்கிடெக்ட் வேலையை விட்டுட்டு கிரிக்கெட்டுக்கு வந்தவரு. மேல சொன்ன அந்த 2021 உலகக்கோப்பையில மூணு மேட்ச், ஒரு விக்கெட் கூட இல்ல. அப்புறம் இந்திய டீம்லயே கூப்பிடல. 2025ல ஒரு யூட்யூப் பேட்டியில என்ன நடந்துச்சுன்னு சொன்னாரு. டிப்ரஷன்ல இருந்தேன், அவ்ளோ எதிர்பார்ப்போட எடுத்தாங்களே, ஒரு விக்கெட் கூட எடுக்க முடியலையேன்னு. அது கூட பரவால்ல. இந்தியா திரும்பறதுக்கு முன்னாடியே மிரட்டல் கால் வந்திருக்கு, ஊருக்கு வராதே, வந்தா நடக்கிறதே வேறன்னு. வீட்டை தேடி வந்திருக்கானுங்க, சில சமயம் ஒளிஞ்சுக்க வேண்டியிருந்துச்சாம். ஏர்போர்ட்ல இருந்து வீட்டுக்கு வர்ற வழியில பைக்ல பின்னாடியே துரத்தி வந்திருக்கானுங்க. லண்டன்ல இல்ல, மும்பைல இல்ல, இது தன் சொந்த ஊருக்கு திரும்பி வர்ற ஒரு ஆளுக்கு நடந்தது. அந்த பைக்ல வந்தவனும் முதல்ல ஜாலிக்கு ஒரு மீம்தான் போட்டிருப்பான்.

அப்புறம் மனுஷன் பயிற்சி முறையையே மாத்திக்கிட்டு, மூணு வருஷம் கழிச்சு 2024ல டீமுக்கு திரும்பினாரு. 2025 மார்ச் 2, சாம்பியன்ஸ் டிராஃபி, அதே துபாய், நியூசிலாந்துக்கு எதிரா 42 ரன்னுக்கு 5 விக்கெட். அன்னைக்கு சிங்கம் போட்டோ வச்சு ஸ்டேட்டஸ் போட்டவங்கள்ல எத்தனை பேர் 2021ல என்ன போட்டாங்கன்னு ஸ்க்ரோல் பண்ணி பாத்தா நல்லா இருக்கும்.

ஆட்டம் கூட வேணாம், நிறமே போதும் நம்மாளுங்களுக்கு. நம்ம தமிழ்நாட்டு ஓப்பனர் அபினவ் முகுந்த் 2017ல இந்திய டீமோட இலங்கை டூர்ல இருந்தப்போ, சின்ன வயசுல இருந்து என் தோல் நிறத்தை வச்சு பேசுறாங்கன்னு ட்விட்டர்ல எழுதினாரு. பத்து வயசுல இருந்து உச்சி வெயில்ல ஆடின பையன் வேற எப்படி இருப்பான்?

திருப்பூர் வாசகர்: ஹர்திக் பாண்டியாவை மும்பையிலயே கத்தி அசிங்கப்படுத்தினாங்களே, அதுவும் மன அழுத்தம் லிஸ்ட்ல வருமா?

பதில்: மும்பை இந்தியன்ஸ்ல ரோகித் இருந்த இடத்துல கேப்டனா உக்கார வச்சது ஃப்ரான்சைஸ், திட்டு வாங்கினது இவரு. 2024 ஐபிஎல்ல அகமதாபாத், ஹைதராபாத், சொந்த கிரவுண்டு வான்கடே, எல்லா இடத்துலயும் கூச்சல். வான்கடேல டாஸ் போடும்போது கமென்டேட்டர் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் மைக்லயே கூட்டத்தை பாத்து ஒழுங்கா இருங்கன்னு சொல்ல வேண்டியதா போச்சு. அங்கயே இன்னொரு மேட்ச்ல எதிர் டீம்ல ஆடின கோலி ஃபீல்டிங் பண்ணிட்டே கூட்டத்தை பாத்து, ஏன்யா கத்துறீங்க, நம்ம நாட்டுக்கு ஆடுறவன்தானேன்னு கைய காட்டினாரு. ரெண்டு மாசம் கழிச்சு பார்படாஸ்ல உலகக்கோப்பை ஃபைனல், கடைசி ஓவர்ல 16 ரன்னை காப்பாத்தினது யாருன்னு உங்களுக்கு தெரியும். ஆனா அவர் ஜெயிச்சு காட்டினதால கத்தினது தப்பாயிடல. அந்த ஓவர்ல ரெண்டு சிக்ஸ் போயி தோத்திருந்தாலும் தப்புதான். நாம எப்பவும் ஜெயிச்சவன் கதையை மட்டும் வச்சு மன்னிப்பு கேக்குறோம், தோத்துட்டு அப்படியே காணாம போனவன் எத்தனை பேரு.

தமிழ்நாட்டுக்காரங்க பெருமை பட்டுக்காதீங்க. தியேட்டர் வாசல்ல கத்துக்கிட்ட ஃபேன் சண்டையை அப்படியே ஐபிஎல்லுக்கு கொண்டு வந்தவங்க நாம.

தூத்துக்குடில இருந்து ஒரு வாசகி (ப்ளஸ் டூ, ஸ்கூல் டீம்ல ஆடுறாங்களாம்): ஜெமிமா அழுதப்போ எங்க வீட்ல எல்லாரும் அழுதோம். ஆனா எங்க கோச், இப்படி அழுதா செலக்ஷன் கமிட்டி பலவீனம்னு எடுத்துக்கும்னு சொல்றாரு. உண்மையா சார்?

பதில்: உங்க கோச் சொல்ற மாதிரி யோசிக்கிற ஆளுங்க கமிட்டில இருக்கத்தான் செய்றாங்க, பொய் சொல்ல விரும்பல. ஆனா ஜெமிமா எப்போ அழுதாங்கன்னு வரிசையா பாரும்மா. டோர்னமென்ட் ஆரம்பத்துல இருந்தே பதட்டம், அம்மாவுக்கு ஃபோன் பண்ணி அழுதுக்கிட்டே இருந்தேன்னு அவங்களே சொன்னாங்க. இங்கிலாந்து மேட்ச்ல டிராப் பண்ணிட்டாங்க. திரும்ப எடுத்தப்போ நியூசிலாந்துக்கு எதிரா 76 நாட் அவுட். அப்புறம் அக்டோபர் 30, நவி மும்பை, செமிஃபைனல், எதிர்ல ஆஸ்திரேலியா, அடிக்க வேண்டியது 339. மூணாவது ஆளா இறங்கணும்னு கடைசி நிமிஷத்துலதான் சொல்லியிருக்காங்க. 127 நாட் அவுட், மேட்ச் முடியற வரைக்கும் நின்னாங்க. அதுக்கப்புறம்தான் எல்லார் முன்னாடியும் அழுதது. உள்ள இவ்ளோ ஓடிட்டு இருந்தும் ஆஸ்திரேலியாவை அடிச்சவங்களை பலவீனம்னு எந்த அகராதியில சொல்றதுன்னு கோச் சார்கிட்ட கேளும்மா, மரியாதையா கேளு.

எனக்கு அந்த பேச்சுல பிடிச்சது வேற ஒண்ணு. டீம்ல கூட இருந்த அருந்ததி ரெட்டி முன்னாடி கிட்டத்தட்ட தினமும் அழுதிருக்கேன்னு சொன்னாங்க. ஸ்மிரிதி மந்தனா நெட்ஸ்ல வந்து சும்மா நின்னுட்டு இருந்தாங்க, பெருசா ஒண்ணும் பேசல, நான் இருக்கேன்னு காட்டத்தான் வந்தாங்கன்னு சொன்னாங்க. அருந்ததி அந்த உலகக்கோப்பையில ஒரு மேட்ச் கூட ஆடல. ஸ்கோர் கார்டுல அவங்க பேர் எங்கயும் வராது. உங்க டீம்ல அந்த மாதிரி ஒருத்தி இருந்தா விட்டுடாத, இல்லன்னா நீயே யாருக்காவது அப்படி இரு.

ஈரோடு வாசகர்: உலகத்துலயே பணக்கார போர்டு பிசிசிஐ. இதுக்கு என்ன பண்றாங்க?

பதில்: தேவைக்கு கம்மியா. இங்கிலாந்துல ப்ளேயர்ஸ் சங்கம் இருக்கு, எந்த நேரமும் ரகசியமா ஃபோன் பண்ணி பேசலாம், போர்டுக்கு தெரியாது, செலக்டருக்கு தெரியாது. இங்க 2019ல ஒரு சங்கம் வந்துச்சு, அதுவும் ரிட்டயர் ஆனவங்களுக்கு மட்டும்தான். இப்போ ஆடுறவன் மனசு சரியில்லன்னா சொல்ல வேண்டியது கோச்கிட்டயோ கேப்டன்கிட்டயோதான், அதாவது தன்னை டீம்ல இருந்து தூக்குற அதிகாரம் இருக்கிறவங்ககிட்டயே. எவன் சொல்லுவான்?

2020ல நம்ம தமிழ்நாட்டு பேட்ஸ்மேன் பத்ரிநாத் சேர்ந்து ஆரம்பிச்ச, விளையாட்டுக்காரங்களுக்கு மனப்பயிற்சி கொடுக்கிற எம்ஃபோர் அமைப்புக்காக தோனி பேசினாரு. முதல் அஞ்சு பத்து பந்து ஆடும்போது எனக்கும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், கொஞ்சம் பயமா இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான், ஆனா அதை கோச்கிட்ட சொல்லத்தான் தயங்குறோம்னு. மெண்டல் கண்டிஷனிங் கோச்சை பதினஞ்சு நாளைக்கு கூப்பிட்டு அனுப்பிடக் கூடாது, கூடவே இருந்தாத்தான் எவனுக்கு எங்க இடிக்குதுன்னு தெரியும்னும் சொன்னாரு. கேப்டன் கூலே சொன்னாரு. போர்டு என்ன பண்ணுச்சு, 2022ல பேடி அப்டன்ங்கிற மெண்டல் கண்டிஷனிங் கோச்சை உலகக்கோப்பைக்கு முன்னாடி சில மாசத்துக்கு கூப்பிட்டு, தோத்ததும் அனுப்பிடுச்சு. 2023 டிசம்பர்ல சொந்த காரணம்னு தென்னாப்பிரிக்கா டூர்ல இருந்து வந்த இஷான் கிஷனுக்கு ரெண்டு மாசத்துல போர்டோட வருஷ சம்பள ஒப்பந்தமான சென்ட்ரல் காண்ட்ராக்ட் போச்சு. ரஞ்சி ஆடாததுதான் காரணம்னு பேசிக்கிட்டாங்க, இருக்கலாம். ஆனா அதை பாத்துட்டு இருந்த இருபது வயசு பையனுக்கு என்ன புரிஞ்சிருக்கும்? வலிச்சாலும் வாயை திறக்காதேன்னுதான்.

ஒரே வரி கேள்வி, புதுச்சேரி: 2025ல இந்தியா லண்டன் ஓவல்ல ஆடின டெஸ்ட்ல எல்லாரும் தலையில பேண்ட் கட்டியிருந்தாங்களே, எதுக்கு?

பதில்: கிரஹாம் தோர்ப் ஞாபகமா. இங்கிலாந்துக்கு நூறு டெஸ்ட் ஆடினவரு, கடைசி காலத்துல கடுமையான மன அழுத்தத்தோட போராடி 2024 ஆகஸ்ட்ல இறந்துட்டாரு. 2025 ஆகஸ்ட் 1 அவரோட பிறந்தநாள், அன்னைக்கு அவர் கட்டுற மாதிரி பேண்டை வித்து மனநல அமைப்புக்கு பணம் திரட்டினாங்க. அவர் குடும்பம் எதையும் மறைக்காம வெளிய வந்து பேசினதுதான் பெரிய விஷயம். அதே டெஸ்ட்லதான் சிராஜ் இங்கிலாந்தோட ஹாரி புரூக் கேட்சை பிடிச்சுட்டு பவுண்டரி ரோப்பை மிதிச்சாரு, 19ல போயிருக்க வேண்டியவர் 111 அடிச்சாரு. மறுநாள் காலைல சிராஜே கடைசி விக்கெட்டை எடுத்து ஆறு ரன்ல ஜெயிக்க வச்சாரு. நடுவுல இருந்த அந்த ஒரு ராத்திரி டைம்லைன் எப்படி இருந்துச்சுன்னு நான் பாத்தேன், எழுத முடியாது.

மதுரைல இருந்து ஒரு அம்மா: என் பையன் அண்டர்-16 ஆடுறான். ரன் அடிக்கலன்னா ரெண்டு நாள் சரியா சாப்பிட மாட்டேங்கிறான், ராத்திரி தூங்குறதில்ல. அவங்கப்பா பைக்ல கூட்டிட்டு வரும்போதே திட்ட ஆரம்பிச்சுடுறாரு. சொந்தக்காரங்க கிரிக்ஹீரோஸ் ஆப்ல ஸ்கோர் பாத்துட்டு ஃபேமிலி குரூப்ல போட்டு கிண்டல் பண்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?

பதில்: மேல இருக்கிற எல்லா கேள்வியையும் விட இதுதாம்மா எனக்கு முக்கியமா பட்டுச்சு. கோலிக்கு லட்சம் பேர் பண்றதை உங்க பையனுக்கு நாலு மாமா, ரெண்டு சித்தப்பா பண்றாங்க, பதினஞ்சு வயசுக்கு அதுவே அதிகம். முதல்ல அந்த குரூப்ல ஸ்கோர் போடக்கூடாதுன்னு நீங்களே சொல்லிடுங்க, சண்டை வந்தா வரட்டும். வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, பைக்ல வரும்போது மேட்சை பத்தி பேச வேணாம், பையனா ஆரம்பிச்சா மட்டும் பேசட்டும். ஷாட்டை திருத்த கோச் இருக்காரு, அது அவர் வேலை, மறுநாள் நெட்ஸ்ல பாத்துப்பாரு. வீட்டுக்கு வந்தவன்கிட்ட எவ்ளோ அடிச்சேன்னு கேக்கறதுக்கு முன்னாடி சாப்பாட்டை போடுங்க.

ஒரு டக் அடிச்சுட்டு ஒரு நாள் மூஞ்சிய தூக்கி வச்சிருந்தா அது சகஜம். ஆனா தூக்கம், சாப்பாடு ரெண்டும் ரெண்டு வாரத்துக்கு மேல சரியில்லன்னா, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பேசறதை நிறுத்திட்டான்னா, பிடிச்ச நெட்ஸுக்கே போக மாட்டேன்னா, இல்ல நான் இருந்து என்ன பிரயோஜனம்ங்கிற மாதிரி ஒரு வார்த்தை வாயில வந்துச்சுன்னா, நாளைக்கு பாத்துக்கலாம்னு விடாதீங்க, அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, போனா பைத்தியம்னு யாரும் எழுதிட மாட்டாங்க. நேர்ல போக தயக்கமா இருந்தா டெலி மானஸ் நம்பர் 14416, எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. பையன்தான் பேசணும்னு கூட இல்ல, முதல் கால் நீங்களே பண்ணுங்க.